கடல் மட்டும் ஓசி, பேராண்டி!

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. கப்பல் சவாரி போகப் போறியாமே? உங்க அம்மா வந்து சொன்னா. சொல்லும்போது அவ மூஞ்சியில பாதி பெருமை, பாதி வயித்தெரிச்சல். பெருமை உன்னைப் பத்தி. வயித்தெரிச்சல் நீ போட்டு வச்சிருக்கிற கணக்கைப் பத்தி.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்க. நீ பொறந்ததே தீவுலதான். முக்கொம்புல காவேரி ரெண்டாப் பிரியுது. வடக்க கொள்ளிடம், தெக்க காவேரி, நடுவுல ஸ்ரீரங்கம், திருவானைக்கா, அப்படியே கெழக்க வந்தா நம்ம உத்தமர்சீலி. பொறந்ததுலேர்ந்து தீவுல கெடந்தவன், இப்பத் தீவு பாக்கக் காசு கட்டப் போறேங்கறே. பேஷ்! தப்புன்னு சொல்ல மாட்டேன். மலைக்கோட்டையில நானூத்துச் சொச்சம் படி ஏறி, உச்சிப் பிள்ளையார் கோயில்ல நின்னு சுத்திப் பாத்தாலும் கடல் கண்ணுல படாது. நாகப்பட்டணத்துக்காரன் கடலைப் பாத்தா வலையைப் பத்தி யோசிப்பான். நீ செல்ஃபியைப் பத்தி யோசிக்கிறே. கடல் இல்லாத ஊர்க்காரனுக்குத்தான் கப்பல் மேல இம்புட்டுக் காதல் வரும்.

சரி, கையில எவ்வளவு இருக்கு? வேணாம், சொல்லாத. தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். காசு இருக்கிறவனுக்கு யோசனை சொல்ல கம்பெனிக்காரன் கோட்டு போட்டுக்கிட்டு வருவான். காசு இல்லாதவனுக்குத் திண்ணைக் கெழவன்தான் கெதி.

என்னமோ நம்ம பரம்பரையில கப்பலே ஏறாத மாதிரிப் பேசுறியே, ரஜூலான்னு கேள்விப்பட்டிருக்கியா? 1926-ல கிளாஸ்கோவுல கட்டின கப்பல். மெட்ராசுல கெளம்பி, நாகப்பட்டணத்துல ஆளை ஏத்தி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர்னு போயிட்டு வரும். அரை நூத்தாண்டுக்குக் கொஞ்சந்தான் கொறவு, 1973 வரைக்கும் ஓடுச்சு. மலாயாவுல ஒரு கால், இங்க ஒரு காலுன்னு வாழ்ந்த குடும்பம் எதைக் கேட்டாலும் அந்தப் பேரைச் சொல்லும். கட்டின புதுசுல அதுல டெக் பயணிங்க மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல ஏத்த அனுமதி இருந்துச்சு. மேல் வகுப்புல ஒரு கல்யாணப் பந்திக்குக்கூடக் காணாத ஆளுங்க.

டெக் பயணின்னா யாரு? ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சொம்பு. மேல்தளத்துல பாயை விரிச்சா அதுதான் ரூமு. ஜன்னல் உண்டான்னு கேக்குறியா? நாலு பக்கமும் ஜன்னல்தான். பால்கனி? கப்பலே பால்கனிடா. இன்னைக்கு உனக்குப் ‘பால்கனி அறை’ன்னு ஒண்ணரை மடங்கு, ரெண்டு மடங்கு வாங்கிக்கிட்டுக் கொடுக்கிறானே காத்து, அதைக் கொள்ளுத்தாத்தன் கடைசி வகுப்புக் கட்டணத்துல வேணாம் வேணாங்கற வரைக்கும் வாங்கினான்.

சிரிக்காத. அவங்க உல்லாசத்துக்குப் போகல. ரப்பர் தோட்டத்துக்குப் போனாங்க. கங்காணி வந்து பேரெழுதிக்கிட்டுப் போனான். மலாயாவுக்கு இப்படிக் கூலிக்கு ஆள் அனுப்புறதை இந்திய அரசாங்கம் 1938-ல நிறுத்துச்சு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேக்க நம்ம திருச்சியிலேயே வெள்ளைக்காரத் தோட்டக்காரங்க ஆபீசு வச்சிருந்தாங்க. மழை, வெயில், வாந்தி எல்லாம் டிக்கெட்டோட சேந்ததுதான். ரஜூலாவுக்கு அப்புறம் அந்த வழியில ‘சிதம்பரம்’னு ஒரு கப்பல் போச்சு. 1985 பிப்ரவரியில அது நடுக்கடல்ல தீப்பிடிச்சு, நாப்பது பேரு கிட்ட செத்தாங்க. அதோட அந்தக் கப்பல் வழியே நின்னுபோச்சு. ஏரோப்ளேன் அதுக்கு முன்னாடியே ஆளுங்களை இழுக்க ஆரம்பிச்சிருச்சுங்கறது வேற விஷயம்.

இப்பக் கூத்தைக் கேளு. இன்னைக்கு சிங்கப்பூர்லேர்ந்து மூணு ராத்திரி, நாலு ராத்திரின்னு கெளம்புற உல்லாசக் கப்பல் எங்க போய் நிக்குது? போர்ட் கிளாங், பினாங்கு. போர்ட் கிளாங் யாரு? பழைய போர்ட் சுவெட்டன்ஹாமேதான். 1972-ல பேரை மாத்திட்டாங்க. கொள்ளுத்தாத்தன் பொழைக்கப் போன தடத்துல கொள்ளுப்பேரன் பொழுதுபோக்கப் போறான். கெண்டிங் டிரீம்னு ஒரு கப்பல் 2022 ஜூன்ல சிங்கப்பூர்லேர்ந்து ஓட ஆரம்பிச்சுது. 335 மீட்டர் நீளம். செங்குத்தா நிமித்தி வச்சா நம்ம மலைக்கோட்டையை நாலு தடவை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும். மூவாயிரம் பேருக்கு மேல படுக்கை. அத்தனை பேரும் கீழ இறங்காம உள்ளேயே செலவு பண்ணணும்னு கட்டினது. அதை மறந்துடாத.

அதுதான் சூட்சுமம். டிக்கெட்டு வாசப்படி, வியாபாரம் உள்ளதான். விளம்பரத்துல பெரிய எழுத்துல போட்டிருக்கிற தொகையைப் பாத்துட்டுத்தானே துள்ளுறே? கீழ பொடி எழுத்தைப் படி. துறைமுகக் கட்டணம் தனி, வரி தனி, சிப்பந்திகளுக்கு டிப்ஸ்னு ராத்திரிக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு தனி. கடைசிப் பக்கத்துல வர்ற தொகையை எழுதிக்கிட்டு வா, அப்புறம் பேசலாம். வெளிநாட்டுப் பேக்கேஜ் டூரா வாங்கினா டி.சி.எஸ்.னு ஒரு வரி பிடிப்பான். அதுக்கு அழாத. வருமான வரிக் கணக்குல காட்டிக் கழிச்சுக்கலாம், திரும்பவும் வாங்கலாம். ஆனா அதுவரைக்கும் அந்தக் காசு உன் கையில இல்லைங்கறதைக் கணக்குல வச்சுக்க. மாசத் தவணையில கப்பல் போகலாம்னு எவனாவது சொன்னா, அவன் நம்பரை எனக்குக் கொடு, நான் பேசிக்கிறேன். மூணு நாள் கடலு, பன்னெண்டு மாசம் கடனு!

விலை எப்போ ஏறும், எப்போ இறங்கும்னு வாழைக்காரன் என்கிட்ட கேளு, சொல்றேன். ஆடிப்பெருக்குக்கும் பொங்கலுக்கும் முன்னாடி மண்டியில தார் என்ன விலை போவும்? அதே தாரு, பழுக்க ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் கெடந்தா, என்ன கேட்டாலும் தூக்கிக் கொடுத்துட்டுத்தான் வண்டி ஏறணும். கப்பல் அறையும் வாழைத்தாருதான். துறைமுகத்தை விட்டுக் கெளம்பினதுக்கு அப்புறம் காலி அறைக்குச் சல்லிக்காசு தேறாது. அதனால கப்பல்காரன் ரொம்ப முன்னாடி வர்றவனுக்கும் இறக்குவான், கடைசி நிமிஷத்துல வந்து நிக்கிறவனுக்கும் இறக்குவான். நடுவுல, லீவு விட்டாச்சே போலாமான்னு வர்றவன் தலையில மிளகா அரைப்பான். அந்த நடுவுல வர்றவன்தான் நீ.

கடைசி நிமிஷ மலிவைப் பாத்து வாயைப் பொளக்காத. அது சிங்கப்பூர்லேயே வீடு இருக்கிறவனுக்கு. நீ இங்கேர்ந்து விசா வாங்கணும், பிளேன் டிக்கெட் எடுக்கணும். கப்பல்ல மிச்சம் பிடிச்சதைப் பிளேன்காரன் புடுங்கிக்குவான். நமக்கு ஒத்து வர்றது முன்கூட்டியே எடுக்கிறதுதான். அதுலயும் பள்ளிக்கூட லீவு, சீனப் புத்தாண்டு, டிசம்பர் கடைசி, இந்த மூணையும் ஒதுக்கிட்டு எடு. திருச்சிக்காரனுக்கு இதுல ஒரு யோகம் இருக்கு: நம்ம ஏர்போர்ட்லேர்ந்தே சிங்கப்பூருக்கு நேர் பிளேன். மெட்ராஸ் போற வண்டிச் செலவு மிச்சம். நடுவுல மலேசியாவுல இறங்கிட்டுக் கப்பல் திரும்பவும் சிங்கப்பூர் வருமே, அதனால ஒரே தடவை நுழையிற விசா பத்தாது. பலமுறை நுழையலாம்னு போட்டிருக்கான்னு பாத்துக்க. மலேசியா 2023 டிசம்பர்லேர்ந்து நம்மாளுங்களை விசா இல்லாம விடுது. ஆனா அதெல்லாம் காலக்கெடு போட்டு நீட்டிக்கிட்டே வர்ற சலுகை. கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை விசாரிச்சுக்க.

வெளிநாடெல்லாம் வேணாம், விசா அலைச்சல் ஆகாதுன்னா மெட்ராசுலேர்ந்தே ஒண்ணு உண்டு. கார்டீலியா கம்பெனியோட எம்பிரஸ் கப்பல். முதலமைச்சர் ஸ்டாலின் 2022 ஜூன்ல கொடியசைச்சு அனுப்பி வச்சார். சூதாட்ட மேசை இருக்குன்னு புதுச்சேரியில பெரிய தகராறு. கரையோரமா வந்த கப்பலுக்கு அங்க அனுமதி கிடைக்கல. மறு வருஷம் ஜூன்லேர்ந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கைக்கும் போச்சு. 1990-ல பிரான்சுல கட்டின கப்பல் அது. உன்னைவிட மூத்தது, மரியாதையா ஏறு. வருஷம் பூரா மெட்ராஸ்லேயே நிக்காது. சீசனுக்கு வரும், அப்புறம் பம்பாய்ப் பக்கம் போயிரும். ரெண்டு ராத்திரி எங்கேயும் நிக்காம நடுக்கடலுக்குப் போயிட்டுத் திரும்பி வர்ற பயணமும் அதுல விப்பான். எங்கேயும் போகாம திரும்பி வர்றதுக்குக் காசு! அதை நான் தெனம் வயக்காட்டுக்கும் வீட்டுக்கும் ஓசியில பண்ணிக்கிட்டிருக்கேன்.

அறைக்கு வருவோம். ஜன்னல் இல்லாத உள்ளறையை எடு. பொண்டாட்டி மூஞ்சைத் தூக்குவா. தூக்கட்டும். முழிச்சிருக்கும்போது அறையில உனக்கு என்ன வேலை? தூங்கும்போது ஜன்னல் எதுக்கு? எட்டு மணிக்கு மேலயும் இருட்டாவே இருக்கும், நீ ஞாயித்துக்கிழமை தூங்குற தூக்கத்துக்கு அதைவிட ஒசத்தியான அறை கிடையாது. அதுலயும் கீழ்த்தளத்துல, கப்பலோட நடுப்பக்கமாப் பாத்து எடு. கப்பல் ஆடும்போது முனையிலயும் உச்சியிலயும் இருக்கிறவனுக்குத்தான் கொடல் பொரளும். நடுவுல கீழ இருக்கிறவனுக்கு ஆட்டம் கொறவு. பெரும்பாலும் விலையும் கொறவு. ஏழைக்குன்னு கடவுள் கொடுத்த சலுகை அது ஒண்ணுதான்னு நெனைக்கிறேன். எந்த அறையா இருந்தாலும் சரி, நீயே ஒதுக்கிக் கொடுன்னு கப்பல்காரன்கிட்ட விட்டா இன்னும் கொறையும். ஆனா கெடச்சதுக்கு அப்புறம் மொணங்கக் கூடாது. தனியாப் போறேன்னு மட்டும் சொல்லிடாத. ஒத்தை ஆளா இருந்தாலும் பல கப்பல்ல ரெண்டு பேரு காசைக் கேப்பான். உன் மச்சினனையும் அதே அறையில மூணாவதா ஏத்தினா தலைக்கு விழுற தொகை இறங்கும். மச்சினனோட ஒரே அறையில மூணு ராத்திரிங்கறது உனக்கு மலிவா தண்டனையாங்கறதை நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிக்கங்க.

ஏறினதும் கையில ஒரு அட்டையைக் கொடுப்பான். அறைச் சாவியும் அதுதான், பர்சும் அதுதான். பணத்தாளை நீட்டினா மனசு வலிக்கும், அட்டையை நீட்டினா வலிக்காதுன்னு எவனோ கண்டுபிடிச்சிருக்கான். பொல்லாத பய. குடிக்கிறதுக்கு ஒரு தொகை கட்டிட்டா எவ்வளவு வேணாலும் குடிக்கலாம்னு ‘பேக்கேஜ்’ சொல்லுவான். நீ என்ன குடிப்பேன்னு எனக்குத் தெரியும், உங்க அம்மாவுக்குத்தான் தெரியாது. கணக்குப் போட்டுப் பாரு: காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வேற வேலையே இல்லாம ஊத்தினாத்தான் கட்டின காசு கட்டுப்படியாகும். கட்டுப்படியாச்சுன்னா நீ கடலைப் பாத்திருக்க மாட்டே. போட்டோக்காரன் ஏறும்போது ஒண்ணு, சாப்பிடும்போது ஒண்ணு, நடக்கும்போது ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டே இருப்பான். சிரி, நல்லா சிரி. வாங்காத. மசாஜ் பண்ணிக்கலாம்பான். திருவானைக்காவுல எண்ணெய் தேய்ச்சுவிடுற ஆளு இன்னும் இருக்கான், வந்து பாத்துக்கலாம்.

சூதாட்ட மேசை பொதுவா நாட்டோட கடல் எல்லையைத் தாண்டினதும்தான் திறக்கும். நாட்டுச் சட்டம் முடியிற எடத்துல அவன் கடை ஆரம்பிக்குது. இதுக்கு மேல நான் என்ன விளக்கம் சொல்ல?

சாப்பாடு மட்டும் டிக்கெட்டுக்குள்ளயே அடக்கம். நீயே எடுத்துப் போட்டுக்கிற பெரிய கூடமும், உக்காந்து சாப்பிடுற கூடமும் ஒண்ணு ரெண்டு இருக்கும். அதுக்கு மேல மினுமினுன்னு விளக்கு வச்ச சின்ன ஓட்டலெல்லாம் தனிக் காசு. சைவம், ஜெயின், ஹலால்னு எல்லாம் கெடைக்குது இப்ப, முன்பதிவுலயே சொல்லிடணும். ஆனா குடுத்த காசை வயித்துலயே வசூல் பண்றேன்னு தட்டை மலைக்கோட்டையாக் குவிக்காத. ரெண்டாம் நாள் எழுந்திருக்க மாட்டே, கப்பல் ஆஸ்பத்திரிக்கும் காசு. பயண இன்சூரன்ஸ் சின்னதா ஒண்ணு எடுத்துக்க, கஞ்சத்தனம் அதுல வேணாம்.

உங்க அம்மா ரைஸ் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் கட்டி வைக்கப் பாப்பா. ஏத்த விடமாட்டான். தீப்பயம். ‘சிதம்பரம்’ கப்பல் கதையை இப்பத்தானே சொன்னேன், அவன் பண்றது நியாயந்தான். வீட்டுல சுட்ட அதிரசத்தையும் பெரும்பாலும் வாசல்லயே வாங்கி வச்சுக்குவான். கடையில ஒட்டின பாக்கெட்டோட மணப்பாறை முறுக்கு கொண்டு போ, அதுக்குப் பொதுவா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நடுக்கடல்ல காலை நாலு மணிக்குப் பசிக்கும்போது என்னை நெனச்சுக்குவே.

கரை மறைஞ்சதும் போனை ஏரோப்ளேன் மோடுல போட்டுடு. நடுக்கடல்ல கப்பலோட செல்போன் சிக்னல் தானா வந்து ஒட்டிக்கும். ‘ரீச் ஆயிட்டேன்’னு அம்மாவுக்கு ஒரு போன் போட்டா, பில்லு வந்து உன்னை ரீச் ஆகும். வைஃபையும் காசுதான். மூணு நாள் உன் ஸ்டேட்டஸ் பாக்காம நம்ம சொந்தக்காரன் எவனும் செத்துட மாட்டான். வேணும்னா பினாங்குல இறங்கி, போட்டோவை மொத்தமாப் போட்டு எல்லாரையும் வயிறெரிய வை. வயித்தெரிச்சல் அங்கேர்ந்தும் நல்லாத்தான் வந்து சேரும்.

பினாங்குல கப்பல் ஊருக்குள்ளேயே வந்து நிக்கும். ஸ்வெட்டன்ஹாம் துறையில (பழைய போர்ட் சுவெட்டன்ஹாம் இல்ல, இது வேற) இறங்கினா ஜார்ஜ் டவுன் கால்நடையாப் போற தூரம். கப்பல்காரன் சொகுசு பஸ்ல சுத்திக் காட்டுறேன்னு ஆளுக்கு ஒரு தொகை கேப்பான். சரி சரின்னு தலையாட்டிட்டு நடந்து போயிரு. லிட்டில் இந்தியாவுல மாரியம்மன் கோயில் இருக்கு, 1833-ல எழுப்பினது. கொஞ்சம் தள்ளினா கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நம்ம கடற்கரை ஊர்லேர்ந்து போன காதர் மொகிதீன் 1801-ல கட்டினது. ரெண்டையும் பாத்துட்டு, தமிழ் முஸ்லிம் கடையில நாசி கண்டார் சாப்பிடு. இல்ல, சைவம்னா வாழை இலைச் சாப்பாடு போடுற கடை இருக்கு. தமிழ்லயே பேரம் பேசலாம், ஆனா அவங்களும் தமிழ்லயே மறுத்துடுவாங்க. ஊருக்குள்ள ஓசி பஸ்ஸே ஓடுது. கொள்ளுத்தாத்தன் இறங்கின ஊருடா. அந்தத் துறையில கொஞ்ச நேரம் நின்னு பாரு, அதுக்கு எவனும் கட்டணம் கேக்க மாட்டான்.

போர்ட் கிளாங்குல இறங்கி கோலாலம்பூர் கோபுரத்தைத் தொட்டுட்டு வந்துடுறேன்னு கெளம்பாத. தூரம் அதிகம், வழி நெரிசல் அதிகம், கப்பல் நிக்கிற நேரம் கொறவு. கிள்ளான்லயே ஜாலான் தெங்கு கிளானாவுல ஒரு லிட்டில் இந்தியா இருக்கு, பூக்கடையும் புடவைக்கடையும் இட்லிக்கடையுமா. நம்ம சின்னக்கடை வீதியைக் கடல் தாண்டிப் போய்ப் பாத்தேன்னு சொல்லிக்க. கப்பல் கெளம்புற நேரத்துக்கு முன்னாடியே ஏணியை எடுக்க ஆரம்பிச்சுடுவான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு கண்டக்டர் மாதிரி, ஓடி வர்றவனுக்காக விசிலை நிறுத்தி வைக்க மாட்டான்.

உள்ள இருக்கும்போது என்ன பண்றதுன்னு கேக்கல நீ. நானே சொல்றேன். விடியக் காலையில மத்தவன் எல்லாம் ராத்திரிக் கூத்தோட களைப்புல கெடப்பான். எழுந்து மேல்தளத்துக்குப் போ. நாற்காலி காலியா இருக்கும். காபி டிக்கெட்டுக்குள்ளயே. சுத்திப் பாத்தா ஒரு கரையும் தெரியாது. அந்தக் கப்பல்ல ஓசியாக் கெடைக்கிறது அந்தக் கடல் ஒண்ணுதான், அதைப் பாக்கத்தான் ஆளே இல்ல. பால்கனிக்காரன் அவன் பால்கனியில போனைப் பாத்துக்கிட்டிருப்பான். நீ உள்ளறைக்காரன், உனக்கு மொத்த மேல்தளமும். ரஜூலாவுல பாய் விரிச்சவனுக்கு இருந்த அதே எடம்.

உல்லாசக் கப்பல்ல இதைவிட மலிவுன்னா ஒரே வழி, எவனாவது கம்பெனிக்காரனே கூட்டிக்கிட்டுப் போகணும். நம்ம தெரு ரிட்டயர்டு காலேஜு வாத்தியார் ஒரு கதை சொன்னார். 1844-ல வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி பி அண்டு ஓ, தாக்கரேன்னு ஒரு எழுத்தாளருக்கு ஓசி டிக்கெட் கொடுத்து மத்தியதரைக் கடல் பூரா சுத்திக் காட்டுச்சாம். கல்கத்தாவுல பொறந்த ஆளு அவரு. திரும்பி வந்து எகிப்து வரைக்கும் போன கதையைப் புத்தகமாப் போட்டுட்டாரு. இன்னைக்குக் கேமராவைத் தூக்கிக்கிட்டு ‘ஹாய் பிரண்ட்ஸ்’னு ஓசியில சுத்துறவன் எல்லாம் அவரோட பேரப்புள்ளைங்கதான். நீயும் முயற்சி பண்ணலாம், ஆனா அவரு எழுதத் தெரிஞ்சவரு.

கணக்கு இன்னும் இடிக்குதா? அப்ப ரெண்டு வழி இருக்கு. முதல் வழி நாகப்பட்டணம். இங்கேர்ந்து தஞ்சாவூர், திருவாரூர் தாண்டினா நாகை. அங்கேர்ந்து காங்கேசன்துறைக்கு நாலு மணி நேரம் கடல். 2023 அக்டோபர் 14-ல செரியபாணின்னு கப்பல் விட்டாங்க. அப்ப வழக்கமான கட்டணம் ஏழாயிரத்து அறுநூத்து எழுபது ரூபா, தொடக்க நாளுக்கு மட்டும் தள்ளுபடி. ஒரு வாரந்தான் ஓடுச்சு, வடகிழக்குப் பருவமழைன்னு கட்டிப் போட்டுட்டாங்க. அப்புறம் 2024 ஆகஸ்டுல சிவகங்கைன்னு வேற கப்பல் வந்துச்சு. அதுவும் மழைக்காலத்துல ஒதுங்கும், மறுபடி வரும். அதனால ஐப்பசி கார்த்திகையில அந்த வழி போகலாம்னு பெட்டியைக் கட்டாத. உக்காந்து போற கப்பல், நீச்சல் குளம் கிடையாது, கூத்து கிடையாது. யாழ்ப்பாணத்துல போய் இறங்கலாம், நல்லூர்க் கந்தசாமியைக் கும்பிடலாம்.

ரெண்டாவது வழிதான் கெழவனோட வழி. மெட்ராஸ் துறைமுகத்துலேர்ந்து அந்தமானுக்கு அரசாங்கக் கப்பல். போர்ட் பிளேர்னு சொல்லாத, 2024-லேர்ந்து ஸ்ரீ விஜயபுரம். நம்ம ஊரு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா காலையில எழும்பூர். அப்புறம் கப்பல்ல ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல, மூணு நாளு கிட்டக் கடலு. மாசத்துக்குச் சில நடைதான், தேதியையும் முன்கூட்டி ரொம்பத் தள்ளி அறிவிக்க மாட்டாங்க. லீவை நீ அதுக்கு ஏத்த மாதிரி வளைக்கணும். தனி அறையும் உண்டு. வரிசையா அடுக்குக் கட்டில் போட்ட ‘பங்க்’ வகுப்பும் உண்டு, அதுதான் மலிவு. சில ஆயிரத்துல ஒரு வழி முடிஞ்சிரும். சூதாட்ட மேசை இல்ல, பேக்கேஜ் இல்ல, போட்டோக்காரன் இல்ல. கான்டீன் சாப்பாட்டை மட்டும் ஓட்டல் சாப்பாட்டோட ஒப்பிடாத. கக்கூசு சுத்தத்தை வீட்டோட ஒப்பிடாத. மூணு நாளைக்குச் சீட்டுக்கட்டு, ஊறுகாய் பாட்டில், வாந்தி மாத்திரை, விரிக்கிறதுக்கு ஒரு போர்வை எடுத்துக்க. தீவுக்காரங்களுக்குன்னு அதுல தனிச் சலுகைக் கட்டணம் இருக்கு. ஸ்ரீரங்கமும் தீவுதான்னு கவுண்டர்ல வாதாடிக்கிட்டு நிக்காத, செல்லாது.

போகும்போது கப்பல், வரும்போது பிளேன்னு வச்சுக்கிட்டா லீவும் மிச்சம். உன் பொண்டாட்டிக்கு அதுவும் ஒத்து வரலைன்னா சிங்கப்பூர் வழியையே எடு, ஆனா நான் சொன்ன உள்ளறை.

எதுக்கும் முன்னாடி ஒண்ணு பண்ணு. உள்ள போய் உன் பாஸ்போர்ட்டை எடுத்து, எப்போ முடியுதுன்னு பாரு. சிங்கப்பூர்ல நுழையிற நாள்லேர்ந்து அதுக்கு ஆறு மாசமாவது உயிர் இருக்கணும், இல்லைன்னா துறைமுகம் வரைக்கும்கூட வேணாம், ஏர்போர்ட்லேயே திருப்பி அனுப்பிடுவான். முடிஞ்சு போயிருந்தா கவலைப்படாத: அந்தமானுக்கு ஆதார் போதும்.